முள் சரியாகத்தான் இருக்கிறது, டயர்தான் மாறிவிட்டது

சென்ற ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் தம்பியின் பிக்-அப் வண்டியில் தெலுக் இந்தானிலிருந்து பீடோருக்கு வந்துகொண்டிருந்தோம். முன்னால் தம்பியும் நானும், பின் இருக்கையில் அம்மா. நல்ல மழை. செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் சென்ற லோரி திடீரென்று பிரேக் போட்டது. தம்பியும் மிதித்தான். வண்டி நின்றபோது லோரியின் பின்பக்கத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு மேசை போடும் அளவுக்குத்தான் இடம் இருந்தது. அம்மா "முருகா" என்றதைத் தவிரக் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தம்பி சொன்னான்: "நான் 90க்கு மேல போகலை அக்கா. மீட்டரைப் பார்த்துக்கிட்டுத்தான் ஓட்டினேன்."

அவன் சொன்னது உண்மை. முள் 90இல் நின்றதை நானும் பார்த்தேன். கூட்டரசு சாலையில் 90 வரை அனுமதி உண்டு. (அந்த மழையில் 90 போகலாமா என்பது வேறு சண்டை. அதை அன்றே போட்டு முடித்துவிட்டேன்.) ஆனால் வண்டி 90இல் போகவில்லை. அது எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அறிவியல் பாடம் நடத்துகிற எனக்கே இரண்டு வாரம் ஆனது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். பழைய வண்டியாக வாங்கிய அந்த பிக்-அப்பில் 265/65ஆர்17 டயர்கள் இருந்தன. உயரமாகவும் கம்பீரமாகவும் இருக்க வேண்டும் என்று தம்பி அவற்றைக் கழற்றிவிட்டு 285/70ஆர்17 போட்டுக்கொண்டான். பணம் வாங்கினார்கள், டயர் போட்டார்கள், காற்று அடித்தார்கள். வேகமானியைப் பற்றி அந்தக் கடையில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

மாணவர்களே, ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் அந்த எண்களுக்குப் பொருள் உண்டு. 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 65 விழுக்காடு. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம்! நீங்கள் தேர்வுத்தாளில் இப்படி எழுதினால் நான் மதிப்பெண்ணை வெட்டிவிடுவேன். ஆனால் உலகம் முழுவதும் டயர்க்காரர்கள் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

பழைய டயரின் பக்கச் சுவர் 172.25 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு முறை கூட்டினால் 344.5. ரிம் 17 பெருக்கல் 25.4, அதாவது 431.8. ஆக முழு விட்டம் 776.3 மி.மீ. புதிய டயருக்கும் இதே கணக்கைப் போட்டால் 830.8 மி.மீ. வருகிறது. விட்டத்தை 3.142ஆல் பெருக்குங்கள். பழைய டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.44 மீட்டர் போகும். புதியது 2.61 மீட்டர் போகும். சுற்றுக்கு 17 சென்டிமீட்டர் அதிகம், அதாவது 7 விழுக்காடு. வண்டியின் எடையில் டயர் சற்று நசுங்கும் என்பதால் உண்மையான சுற்றளவு இதைவிடக் கொஞ்சம் குறைவு. இரண்டு டயர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி நசுங்குவதால் விகிதம் பெரிதாக மாறாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வேகமானி வேகத்தை அளப்பதே இல்லை. அது சுழற்சியை எண்ணுகிறது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று தொழிற்சாலையில் முன்பே முடிவு செய்துவிட்டார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு, "இத்தனை சுற்று என்றால் இத்தனை வேகம்" என்று அது நமக்குச் சொல்கிறது. நீங்கள் டயரை மாற்றியது அதற்குத் தெரியாது. யாராவது சொன்னால்தான் உண்டு.

ஐந்தாம் படிவத்தில் மின்காந்தத் தூண்டலைப் படிப்பவர்களுக்காக ஒரு சின்ன விலகல். ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ஸே 1902இல் காப்புரிமை பெற்ற வேகமானியின் அமைப்பு பல பத்தாண்டுகள் கார்களில் இருந்தது. கியர்பெட்டியிலிருந்து ஒரு கம்பி சுழன்றுகொண்டே வந்து மீட்டருக்குள் இருக்கும் காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைச் சுற்றி ஓர் அலுமினியக் கிண்ணம், அதைத் தொடாமல் இருக்கும். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. ஆனாலும் சுழலும் காந்தப்புலம் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி, கிண்ணத்தைத் தன்னோடு திருப்பப் பார்க்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று அதைத் தடுக்கும். இந்த இழுபறி எங்கே சமமாகிறதோ அங்கே முள் நிற்கும். எவ்வளவு அழகான கருவி! ஆனால் அதற்கும் சுழற்சி மட்டும்தான் தெரியும். இப்போதைய வண்டிகளில் கம்பிக்குப் பதில் உணரி ஒன்று மின்துடிப்புகளை அனுப்புகிறது, கணினி எண்ணுகிறது. கதை மாறவில்லை.

கீழ்ப்படிவத்தில் ரலாட் சிஸ்தெமாதிக் என்று படித்திருப்பீர்கள். தமிழில் முறைசார் பிழை என்போம். தராசின் முள் பூச்சியத்தில் இல்லாமல் சற்றுத் தள்ளி நிற்பதைத்தான் நான் எப்போதும் உதாரணமாகக் காட்டுவேன். அந்தப் பிழையை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடலாம். டயர் மாற்றியதால் வரும் பிழை அப்படியல்ல. வண்டி நிற்கும்போது முள் மிகச் சரியாகப் பூச்சியத்தில் நிற்கும். 30இல் பிழை 2 கிலோமீட்டர், யாருக்கும் தெரியாது. 110இல் அதுவே 8 கிலோமீட்டராக வளர்ந்துவிடும். வேகம் கூடக் கூடத் தானும் கூடுகிற பிழை இது. அதுவும் எங்கே ஆபத்து அதிகமோ அங்கே அதிகமாகிறது.

தம்பி நம்பவில்லை. "வண்டியிலும் பாடம் நடத்தாதீங்க அக்கா" என்றான். அதனால் சோதித்தோம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் பலகைகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில், வாகனம் அதிகமில்லை. பீடோரைத் தாண்டி இடது தடத்தில் முள்ளை 90இல் நிறுத்திப் பிடித்தான். நான் பக்கத்து இருக்கையில் கைக்கடிகாரத்தோடு. (நேரம் எடுப்பவர் ஓட்டுநராக இருக்கவே கூடாது.) 90இல் போகும் வண்டி 5 கிலோமீட்டரைக் கடக்க 200 வினாடி வேண்டும். எங்களுக்கு 190 வினாடிதான் ஆனது. கணக்குப் போட்டால் மணிக்கு 94.7 கி.மீ.

கூர்ந்து பார்ப்பவர்கள் இங்கே கையை உயர்த்துவீர்கள். டயர் 7 விழுக்காடு பெரிதாகிவிட்டதே, வேகம் 5 விழுக்காடு மட்டும்தானே கூடியிருக்கிறது? மீதி எங்கே போயிற்று? அந்த 2 விழுக்காட்டுக்குக் காரணம் வண்டியைச் செய்தவர்கள். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, வேண்டுமானால் சற்றுக் கூட்டிக் காட்டலாம் என்பது ஐக்கிய நாடுகள் அமைப்பின் வாகன விதிகளில் 39ஆம் எண் விதி. கூட்டிக் காட்டுவதற்கும் எல்லை உண்டு. உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதோடு 4 கிலோமீட்டரும்தான் அந்த எல்லை. உண்மையில் 80இல் போகிற வண்டி 80 முதல் 92 வரை எதைக் காட்டினாலும் சரி. 79 காட்டினால் தவறு. அந்த விதிகளுக்கு அடிப்படையான ஒப்பந்தத்தில் மலேசியாவும் 2006இல் சேர்ந்தது. ஆகவே புது வண்டி பெரும்பாலும் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றித்தான் அனுப்பப்படுகிறது, நம் நன்மைக்காக. தம்பியின் வண்டி பழைய டயரில் முள் 90 காட்டும்போது 88.5இல் போயிருக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் தம்பி மகிழ்ந்துபோனான். "அப்போ மீட்டர் எப்பவும் கூட்டித்தானே காட்டும்? பெரிய டயர் போட்டா சரியாயிடும்லா." இந்த வாதத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள், டயர்க் கடைகளிலும் மோட்டார் பட்டறைகளிலும் புழங்குகிற வாதம்தான். எனக்கு இதில் கோபமே வருகிறது. அந்தச் சிறு இடைவெளியை நம் டயர் ஆசைக்காக யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. கருவியின் சிறு தவறுகள், காற்றழுத்தம், டயர் தேய்மானம் எல்லாம் சேர்ந்தும் முள் குறைத்துக் காட்டிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. தேய்மானம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 8 மி.மீ. ஆழப் பள்ளத்தோடு வரும் டயர் சட்டம் அனுமதிக்கும் 1.6 மி.மீ. வரை தேய்ந்தால், விட்டம் 12.8 மி.மீ. குறைந்துவிடும். சின்ன கார் டயரில் அது 2 விழுக்காட்டுக்கும் மேல். டயரை மாற்றாமலே ஓட்டுகிறவர்களின் மீட்டரும் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

சரி, 88.5க்கும் 94.7க்கும் என்ன பெரிய வித்தியாசம்? ஆறு கிலோமீட்டர்தானே? நிறுத்தும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் என்பதை மறந்துவிடாதீர்கள். ஈரச் சாலையில் உராய்வுக் கெழு 0.5 என்று வைத்துக்கொள்வோம். பிரேக் பிடித்த இடத்திலிருந்து 88.5இல் வந்த வண்டி 61.6 மீட்டரில் நிற்கும். 94.7இல் வந்தது 70.5 மீட்டரில் நிற்கும். ஏறக்குறைய 9 மீட்டர், இரண்டு கார் நீளம். இன்னொரு விதமாகவும் பாருங்கள். முதல் வண்டி நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது வண்டி தாண்டும்போது அதன் வேகம் என்ன? 94.7இன் வர்க்கத்திலிருந்து 88.5இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுங்கள். மணிக்கு 34 கிலோமீட்டர் வருகிறதா? சாலை ஈரமோ காய்ந்ததோ, இரண்டு வண்டிக்கும் ஒரே உராய்வு என்றால் இந்த 34 மாறாது. பீடோர் சாலையில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு மேசை இடம். பழைய டயரில் முள் அதே 90இல் நின்றிருந்தால் அதற்கு மேல் இன்னும் ஒன்பது மீட்டர் கிடைத்திருக்கும். லோரி இன்னும் சற்று அருகில் இருந்திருந்தால் என்ற கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

கதை இதோடு முடியவில்லை. பெரிய டயர் போட்டதும் வண்டி மலையில் திணறியது. தம்பி கேமரன் மலைக்குக் காய்கறி ஏற்றப் போகிறவன். ரிங்லெட் ஏற்றத்தில் கியரைக் குறைத்துக்கொண்டே போக வேண்டியிருந்ததாம். அதனால் இந்த ஆண்டு தொடக்கத்தில் டிஃபரென்ஷியல் பற்சக்கரங்களை மாற்றினான். 3.909 விகிதம் 4.1 ஆனது. நான்கு சக்கரமும் இயங்கும் வண்டி என்பதால் முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் மாற்ற வேண்டும்; செலவைக் கேட்டு நான் வாயடைத்துப் போனேன். இயந்திரம் இப்போது சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பைவிட 5 விழுக்காடு அதிகம் சுழல்கிறது.

இது வேகமானியைப் பாதிக்குமா? உணரி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தம்பியின் பழைய பிக்-அப்பில் அது கியர்பெட்டிக்குப் பின்னால், டிஃபரென்ஷியலுக்கு முன்னால் சுழற்சியை எண்ணுகிறது. ஆகவே டயரும் பாதிக்கும், டிஃபரென்ஷியல் விகிதமும் பாதிக்கும். முன்சக்கர இயக்கக் கார்கள் பலவற்றில் டிஃபரென்ஷியலிலேயே எண்ணுவதால் அங்கே டயர் மட்டும்தான் கணக்கு. ஏபிஎஸ் உணரிகள் மூலம் ஒவ்வொரு சக்கரத்தையும் நேராக எண்ணும் புதிய வண்டிகளிலும் அப்படியே. உங்கள் மாமா வண்டிக்குச் சரியாக இருந்த பதில் பக்கத்து வீட்டு வண்டிக்குத் தவறாகலாம். அதனால்தான் "எல்லாரும் இப்படித்தான் செய்யுறாங்க" என்பதை நான் ஏற்பதில்லை.

தம்பியின் வண்டிக்குக் கணக்கைப் போடுங்கள். பழைய நிலையில் ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் 410 சுற்று, அதை 3.909ஆல் பெருக்கினால் தண்டு 1603 சுற்று. இப்போது சக்கரம் 383 சுற்று; 4.1ஆல் பெருக்கினால் தண்டு 1571 சுற்று. வித்தியாசம் 2 விழுக்காடுதான்! டயர் ஒரு பக்கம் இழுத்ததைப் பற்சக்கரம் மறுபக்கம் இழுத்துவிட்டது. மீண்டும் அதே நெடுஞ்சாலை, அதே 5 கிலோமீட்டர், முள் 90இல். இம்முறை 199 வினாடி.

"பார்த்தீங்களா, தானா சரியாயிடுச்சு" என்றான் தம்பி. சரியாகவில்லை. தொழிற்சாலை வைத்த இடைவெளி முழுவதும் செலவாகி, முள் ஒரு மயிரிழை குறைத்துக் காட்டுகிறது. எல்லாவற்றையும்விட, யாரும் அளந்து செய்த வேலை இல்லை இது. இரண்டு தவறுகள் தற்செயலாக ஒன்றையொன்று அடித்துக்கொண்டன, அவ்வளவுதான். அடுத்த முறை வேறு டயர் போட்டால் போயிற்று.

சரிசெய்ய வழி இல்லாமல் இல்லை. கம்பி வைத்த பழைய வண்டிகளில் கம்பியின் அடிமுனையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பற்சக்கரம் இருக்கும். அதன் பல் எண்ணிக்கையை மாற்றினால் போதும். 20 பல் உள்ள வண்டியில் 7 விழுக்காடு பெரிய டயர் போட்டால் 18.7 பல் வேண்டும். 18.7 பல் உள்ள சக்கரத்தை யார் செய்வது? 19 போட்டால் மீட்டர் 1.6 விழுக்காடு குறைத்துக் காட்டும். 18 போட்டால் 3.8 விழுக்காடு கூட்டிக் காட்டும். எண்ணளவில் 19தான் நெருக்கம். நான் 18தான் போடச் சொல்வேன், ஏன் என்று உங்களுக்கே தெரியும். மின்னணு மீட்டர்களில் இந்தத் தொல்லை இல்லை. சில வண்டிகளில் டயர் அளவைக் கணினியிலேயே மாற்றலாம். மற்றவற்றில் உணரிக்கும் மீட்டருக்கும் நடுவே ஒரு திருத்தப் பெட்டியை வைத்து, மின்துடிப்புகளை வேண்டிய விழுக்காட்டுக்குக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டும் மோசடியோடு இதைக் குழப்பாதீர்கள். இது அதற்கு நேர் எதிர். பெரிய டயரில் ஓடிய தூரமும் குறைவாகத்தான் பதிவாகும். "டயர் மாத்தினதிலிருந்து டீசல் ரொம்பக் குடிக்குது" என்று தம்பி புலம்பியதில் ஒரு பகுதி இதுதான். வண்டி 107 கிலோமீட்டர் ஓடியதை மீட்டர் 100 என்று எழுதிக்கொண்டிருந்தது.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். டயர் அளவையோ டிஃபரென்ஷியலையோ மாற்றும் எந்தக் கடையும், மீட்டர் எவ்வளவு விழுக்காடு மாறுகிறது என்பதை ரசீதில் எழுதித் தர வேண்டும். பெருக்கல், வகுத்தல் தவிர அதில் ஒன்றுமில்லை. இரண்டு நிமிட வேலை. கைப்பேசியில் ஜிபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். ஒரே வேகத்தில் நேர்ச்சாலையில் சோதித்துப் பார்க்க அது நல்ல கருவி, மறுக்கவில்லை. ஆனால் வேகம் மாறும்போது அது ஒரு கணம் பின்தங்கும். மெனோரா சுரங்கப்பாதைக்குள் நுழைந்தால் சமிக்ஞை போய்விடும். வண்டியில் இருக்கும் மீட்டரைப் பொய்யாக விட்டுவிட்டுக் கைப்பேசியைப் பார்த்து ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. பதினாறு வயதில் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுத்தவுடன் கப்சாய்க்கு ஒல்லி டயர் போடுகிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். பல கப்சாய்களில் மீட்டர் கம்பி முன்சக்கரத்திலிருந்து வருகிறது. முன்னால் 70/90-17 இருந்த இடத்தில் 60/80-17 போட்டால் மீட்டர் கிட்டத்தட்ட 6 விழுக்காடு கூட்டிக் காட்டும். "நேத்து 120 போனேன்" என்று பெருமை பேசும் நண்பனிடம், அவன் போனது 113 என்று சொல்லுங்கள். 113உம் பெருமைப்பட வேண்டிய எண் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒல்லி டயர் சாலையைப் பிடிக்கும் பிடியைப் பற்றி இன்னொரு வாரம் எழுதுகிறேன். அதற்குத் தனிப் பக்கம் வேண்டும்.

தம்பி கடைசியில் திருத்தப் பெட்டி ஒன்றை வாங்கினான். எத்தனை விழுக்காடு வைப்பது என்று என்னைக் கேட்டான். நான் பென்சிலை அவன் மகளிடம் கொடுத்தேன். இரண்டாம் படிவம் படிக்கிறாள். முதலில் மீட்டரை உண்மை வேகத்துக்குச் சரிசெய்து, அதற்கு மேல் 2 விழுக்காடு கூட்டி வைக்கச் சொன்னாள். ஏன் கூட்ட வேண்டும் என்று அப்பா கேட்டதற்கு, டயர் தேயும் வரைக்கும் காத்திருக்க முடியாதே என்றாள். மறு ஞாயிறு மறுபடியும் நெடுஞ்சாலைக்குப் போனோம். கைக்கடிகாரம் இம்முறை அவள் கையில். முள் 90இல், 5 கிலோமீட்டர், 204 வினாடி.